பிளஸ் 2 பிள்ளைகளுக்கு விடைபெறும் விழா: 126 பேர், ஒரு மாலை. எப்படி நடத்துவது?

கண்டனூர் பெற்றோர் கேட்டது:

வணக்கம். காரைக்குடிப் பக்கம் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்காகக் கேட்கிறேன். பிளஸ் 2-வில் மூன்று பிரிவு, பிரிவுக்கு 42 பேர், ஆக 126 பிள்ளைகள். இவர்களுக்கு முறையான விடைபெறும் விழா ஒன்று நடத்த வேண்டும். வெளிநாட்டுப் பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி மேடைக்கு அழைக்கிறார்களே, அந்த முறையில். வழக்கமான பிரிவு உபசார விழாவில் ஏழெட்டுப் பேர் பேசுவார்கள், முதல் மூன்று மதிப்பெண்காரர்களுக்குப் பரிசு, பிறகு ஒரு குரூப் போட்டோ. மற்ற 123 பேரும் பார்வையாளராகவே வீட்டுக்குப் போகிறார்கள். இந்த முறை அது வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

தெரிய வேண்டியவை: எந்த நாளில் வைப்பது? தேர்வுக்கு முன்பா, ரிசல்ட் வந்த பிறகா? மேடையில் கையில் என்ன கொடுப்பது? கருப்பு அங்கி, தொப்பி வாடகைக்கு எடுக்கலாமா? பெற்றோர், ஆசிரியர் எல்லாம் சேர்த்தால் 450 பேர் வருவார்கள், சாப்பாடு என்ன? பிள்ளைகளிடம் பணம் வசூலிக்கும் எண்ணம் இல்லை. முன்னாள் மாணவர்கள் சிலர் செலவை ஏற்கத் தயாராக இருக்கிறார்கள்.

---

மேடைப்பொறுப்பு எழுதியது:

முதலில் நாள். ரிசல்ட் வந்த பிறகு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ரிசல்ட் மே மாதம் வரும். அப்போது அக்கினி நட்சத்திர வெயில். பிள்ளைகளில் பாதிப்பேர் நீட், பொறியியல் கலந்தாய்வு, திருப்பூர் வேலை என்று சிதறியிருப்பார்கள். அதைவிட முக்கியமானது, ரிசல்ட்டுக்குப் பிறகு வைத்தால் தேர்ச்சி பெறாத பிள்ளை வராது. அந்தப் பிள்ளையும் இதே பள்ளியில் படித்ததுதான். தேர்வுக்கு முன் வைத்தால் 126 பேரும் ஒரே தரத்தில் நிற்பார்கள்.

பொதுத்தேர்வு மார்ச் தொடக்கத்தில், செய்முறைத் தேர்வு பிப்ரவரியில். அப்படியென்றால் ஜனவரிதான் மிச்சம். அதிலும் தை பிறந்துவிட்டால் சிக்கல். பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு. அடுத்து நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடக்கும் நாட்கள். நடக்கிறவர்கள் மட்டுமல்ல, வழியில் அன்னதானம் செய்கிற குடும்பங்களும் ஊரில் இருக்காது. கூடவே தை முகூர்த்தங்கள். சமையல்காரர், நாற்காலிக்காரர், மைக் செட்காரர் எல்லாரும் கல்யாண வீட்டில் இருப்பார்கள்.

அதனால் அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து போகிப் பண்டிகைக்குள் ஒரு சனிக்கிழமை மாலை வையுங்கள். மார்கழி என்பதால் முகூர்த்தம் கிடையாது. மண்டபம், ஆள், சாமான் எல்லாம் கேட்ட விலைக்குக் கிடைக்கும். "மார்கழியில் நல்ல காரியமா" என்று யாராவது கேட்டால், இது பள்ளிக்கூட நிகழ்ச்சி, சடங்கு இல்லை என்று சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழையின் வால் மழை ஜனவரி முதல் வாரத்திலும் வரும். மைதானத்தில் வைப்பதானால் மாற்று இடம் ஒன்றை முன்கூட்டியே பேசி வையுங்கள். தேர்தல் நெருங்கும் ஆண்டாக இருந்தால் நடத்தை விதி எப்போது வரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அரசியல் பொறுப்பில் இருப்பவரை அழைத்து அச்சடித்த பிறகு விதி அமலுக்கு வந்தால் அழைப்பிதழையே மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது நேரக் கணக்கு. விழாவின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒரு பிள்ளை படியேறி, பெயர் கேட்டு, வாங்கி, கேமராவைப் பார்த்து, இறங்க 12 விநாடி. 126 பேருக்கு 1,512 விநாடி, அதாவது 25 நிமிடம். அவ்வளவுதான். ஆனால் 14 விருந்தினருக்கு ஆளுக்கு ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப்பரிசு, இரண்டு வரி அறிமுகம் என்று ஒன்றரை நிமிடம் கொடுத்தால் 21 நிமிடம் போய்விடும். 126 பிள்ளைகளுக்குத் தேவையான நேரம் ஏறக்குறைய அந்தச் சால்வைகளிலேயே கரைகிறது. "நேரமாகிவிட்டது, பிள்ளைகள் வரிசையாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம்" என்று கடைசியில் அறிவிக்கும் விழாக்கள் எல்லாம் கெடுவது இந்த இடத்தில்தான்.

எனவே மேடையில் மூன்றே பேர்: தலைமை ஆசிரியர், கையில் கொடுக்கும் சிறப்பு விருந்தினர் ஒருவர், பெயர் வாசிப்பவர். மற்ற பெரியவர்கள் அனைவரும் பார்வையாளர் பகுதியின் முதல் வரிசையில். நம் ஊர்களில் முதல் மரியாதை யாருக்கு என்பது லேசான விஷயமில்லை. கோயிலில் தொடங்கி எல்லா இடத்திலும் வரும். ஒருவரை மேடையேற்றினால் பத்துப் பேரை ஏற்ற வேண்டும். ஒருவரையும் ஏற்றாவிட்டால் யாருக்கும் குறையில்லை. அழைப்பிதழில் பெயர்களை அகர வரிசையில் போட்டு, "அகர வரிசைப்படி" என்று கீழே சிறிதாக அச்சிடுங்கள்.

நிகழ்ச்சி 5.10-க்குத் தமிழ்த்தாய் வாழ்த்துடன் தொடங்கட்டும். 2021 டிசம்பர் அரசாணைப்படி 55 விநாடியில், முல்லைப்பாணியில் (மோகன ராகம்) பாட வேண்டும். ஒலிப்பதிவைப் போடாமல் பயிற்சி பெற்ற பிள்ளைகளைப் பாட வையுங்கள். வரவேற்பு 3 நிமிடம், தலைமை ஆசிரியர் 6, விருந்தினர் 8, மாணவர் சார்பில் ஒருவர் 4. ஐந்தரைக்குப் பெயர் வாசிப்பு ஆரம்பமானால் ஆறு மணிக்குள் முடியும். பிறகு பிள்ளைகள் எல்லாரும் எழுந்து ஆசிரியர்களுக்கு நன்றி சொல்ல ஐந்து நிமிடம், நாட்டுப்பண். ஆறே காலுக்குப் பந்தி. விருந்தினரிடம் "8 நிமிடம்" என்பதை அழைக்கப் போகும்போதே சொல்லிவிடுங்கள். மேடையில் துண்டுச்சீட்டு கொடுப்பது மரியாதையாக இருக்காது.

மதிப்பெண் பரிசு, வருகைப் பரிசு எதுவும் இந்த மேடையில் வேண்டாம். அவற்றுக்கு ஆண்டு விழா இருக்கிறது.

---

அச்சகம் புதுவயல் எழுதியது:

கையில் கொடுக்கிற தாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதில் "தேர்ச்சி", "நிறைவு செய்தார்", "தகுதி பெற்றார்" போன்ற சொற்கள் வரவே கூடாது. தேர்வே இன்னும் எழுதவில்லை. மதிப்பெண் பட்டியல் தருவது தேர்வுத் துறை. மாற்றுச் சான்றிதழும் நன்னடத்தைச் சான்றிதழும் பள்ளி முறைப்படி பிறகு தரும். இது நினைவுத் தாள். வாசகம் இப்படி இருந்தால் போதும்: "இன்னார் இப்பள்ளியில் மேல்நிலை வகுப்புகளில் பயின்றார். ஆசிரியர்களின் வாழ்த்துகளுடன்." சேர்ந்த ஆண்டும் விடைபெறும் ஆண்டும் போடலாம். ஆறாம் வகுப்பிலிருந்தே படித்த பிள்ளைக்கு அந்த ஆண்டைப் போடுங்கள், பெற்றோருக்கு அது பெரிய விஷயம். சிங்கமுகச் சின்னத்தையோ தமிழக அரசின் கோபுரச் சின்னத்தையோ அலங்காரத்துக்காகப் போடாதீர்கள். இந்திய அரசுச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005-லேயே சட்டம் இருக்கிறது. பள்ளியின் சொந்த முத்திரை போதும்.

ஏ4 அளவு, 300 ஜிஎஸ்எம் கனமுள்ள மேட் போர்டு. பளபளப்பான தாள் வேண்டாம். அதில் பேனா மை காயாது, தலைமை ஆசிரியர் கையெழுத்து அடுத்த தாளில் ஒட்டிக்கொள்ளும். 126-க்கு 140 தாள் பொது வடிவத்தில் அடித்துக்கொண்டு, பெயரை மட்டும் தனியாக லேசரில் ஏற்றுங்கள். பெயர்ப் பிழை வந்தால் ஒரு தாளோடு போகும்.

பிழை வருவது பெரும்பாலும் இரண்டு வழியில். ஒன்று, எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) பட்டியலின் ஆங்கிலப் பெயரை யாரோ தமிழாக்குவது. நம் பக்கத்துத் தலைப்பெழுத்துகள் அதில் சின்னாபின்னமாகும். பழ., சித., மெ., அரு., லெ. என்று குடும்பத்தில் எழுதுவதை ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தாக்கி, மறுபடி தமிழுக்குக் கொண்டுவரும்போது "பிஎல்.", "சிடி." என்று வந்து நிற்கும். அழகம்மை "அலகம்மை" ஆவாள். தமிழ்ப் பெயர்ப் பட்டியலைத் தாளில் அச்சிட்டு, வீட்டுக்கு அனுப்பி, திருத்தி, பெற்றோர் கையெழுத்துடன் வாங்குங்கள். வகுப்பில் வைத்துக் கேட்டால் பிள்ளைகள் பார்க்காமலே "சரி சார்" என்பார்கள்.

இரண்டாவது எழுத்துரு. சில அச்சகங்களில் இன்னும் பாமினி முதலான பழைய எழுத்துருக்கள்தான். யூனிகோடில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறும். "ஸ்ரீ", "கொ", "மௌ" இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். இவை சரியாக இருந்தால் மற்றவை பெரும்பாலும் சரியாக இருக்கும். முடிந்தவரை பிடிஎஃப் ஆகவே அனுப்புங்கள்.

---

மேடைப்பொறுப்பு எழுதியது:

அச்சகத்து அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பெயர் அச்சிட்ட தாளை மேடையில் கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளை வராவிட்டாலோ, இருவர் இடம் மாறி நின்றாலோ, அதன் பிறகு வருகிற அத்தனை பேருக்கும் அடுத்தவர் தாள் போகும். நடுவில் நிறுத்திச் சரிசெய்ய முடியாது. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் மேடையில் கொடுப்பது வெறும் உறைதான். உள்ளே இருக்க வேண்டியது பிறகு வரும். அதே முறையைப் பின்பற்றுங்கள். ஒரே மாதிரியான துணி அட்டை உறை மேடையில். பெயர்த்தாள், விழா முடிந்ததும் வகுப்பு ஆசிரியர் கையால், வகுப்பறையில். பிள்ளையும் ஆசிரியரும் இரண்டு வார்த்தை பேச அந்த இடம்தான் பொருத்தம்.

பெயர் வாசிப்புக்குப் பட்டியலை நம்ப வேண்டாம். ஒவ்வொரு பிள்ளை கையிலும் அஞ்சலட்டை அளவில் ஓர் அட்டை. மேலே வரிசை எண், நடுவில் பெரிய எழுத்தில் பெயர், கீழே பிரிவு. படியேறியதும் வாசிப்பவரிடம் அட்டையைக் கொடுக்க வேண்டும், அவர் பார்த்து வாசிக்க வேண்டும். வராதவரின் அட்டை வராது, வரிசை தானே சரியாகிவிடும். வாசித்த அட்டைகளை அதே அடுக்கில் வைத்திருந்தால் போட்டோக்களை எண் பார்த்துப் பிரிக்கவும் உதவும்.

வாசிப்பவர் நல்ல குரல் உள்ளவராக மட்டும் இருந்தால் போதாது, இந்தப் பிள்ளைகளை அறிந்த ஆசிரியராக இருக்க வேண்டும். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பெயர் எல்லாம் கலந்து வரும். முந்தைய நாள் ஒத்திகையில் ஒவ்வொரு பிள்ளையிடமும் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, சந்தேகமானதை அட்டையின் பின்புறம் பென்சிலில் குறித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. சில பிள்ளைகளுக்குக் கூட்டமே எழுந்து விசிலடிக்கும். சிலருக்கு ஒரு கைத்தட்டல்கூட இருக்காது, பெற்றோர் கூலி வேலை விட்டு வர முடியாமல் இருந்திருக்கலாம். பிளஸ் 1 பிள்ளைகள் 40 பேரை இரண்டு பக்கமும் உட்கார வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரே அளவில் கைதட்டும் பொறுப்பைக் கொடுங்கள். எந்தப் பிள்ளையும் மௌனத்தில் மேடையைக் கடக்கக் கூடாது.

---

தறிவீடு எழுதியது:

அங்கி பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாடகை அங்கி பெரும்பாலும் கருப்புப் பாலியஸ்டர். ஜனவரியானாலும் மாலை நான்கு மணி வெயிலில் குரூப் போட்டோவுக்கு நிற்கும்போது வியர்த்துக் கொட்டும். அளவும் மூன்றுதான் வரும், குட்டையான பிள்ளைக்குக் கால் தடுக்கும், அதுவும் படியேறும்போது. தொப்பி கழன்று விழும், பெண் பிள்ளைகளுக்குப் பூ வைக்கவும் இடமில்லை. பல்கலைக்கழகங்களையே பட்டமளிப்புக்குக் கைத்தறி உடை அணியச் சொல்லிப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019-ல் கேட்டுக்கொண்டது. பள்ளிக்கு எதற்கு அந்த அங்கி?

அதே நேரம் வேட்டி, பட்டுச்சேலை என்றும் சொல்லாதீர்கள். வீட்டுக்கு வீடு வசதி வேறு. சீருடையே போதும், துவைத்துத் தேய்த்தது. அதன் மேல் எல்லாருக்கும் ஒரே மாதிரி தோள் பட்டை. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரக்கு, மஞ்சள், கருப்பு கட்டம், அகலக் கரை. அந்தப் பருத்தித் துணியிலேயே பட்டை தைக்கலாம்.

அளவு சொல்கிறேன். தைத்து முடிந்த அகலம் 12 செ.மீ., நீளம் 180 செ.மீ. இரண்டு பக்கமும் மடிப்புக்கு ஒவ்வொரு செ.மீ., ஆக வெட்டு அகலம் 14. துணி 120 செ.மீ. அகலம் என்றால் குறுக்கே 8 பட்டை. 126-க்கு 16 தடவை வெட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 185 செ.மீ. என்றால் 29.6 மீட்டர். 32 மீட்டராக வாங்குங்கள். புதுப் பருத்தி தண்ணீர் பட்டால் சுருங்கும், அதனால் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டச் சொல்ல வேண்டும். பாவு நூல் போகும் நீளவாட்டிலேயே வெட்டணும். குறுக்கு வாட்டில் வெட்டினால் பட்டை தொங்கத் தொங்க இழுபடும். பள்ளிப் பெயரை ஒரு முனையில் மட்டும் நூலால் போடுங்கள். ஸ்கிரீன் அச்சு கண்டாங்கிக் கட்டத்தில் தெரியாது. தறிக்குச் சொல்லி நெய்ய வேண்டுமானால் குறைந்தது ஒன்றரை மாதம் முன்னால் சொல்லிவிடணும். தீபாவளி முடிந்த கையோடு போங்கள்.

---

தேவகோட்டை ஒலி ஒளி எழுதியது:

அண்ணே, இடம் மண்டபமா மைதானமான்னு நீங்க சொல்லல. ரெண்டுக்கும் மைக் வேலை வேற.

நம்ம ஊரு மண்டபங்கள்ல கூரை உசரம், தரை ஆத்தங்குடிக் கல்லோ மொசைக்கோ, சுவரெல்லாம் மொழுமொழுன்னு இருக்கும். சத்தம் சுத்திச் சுத்தி வரும். முன்னாடி ரெண்டு பெரிய பாக்ஸ் வச்சு வால்யூமை ஏத்துனா "மெய்யப்பன்"கிறது பின் வரிசையில "..யப்பன்..பன்"னுதான் கேக்கும். பெரிய பாக்ஸுக்குப் பதிலா சின்ன பாக்ஸ் ஆறு, பக்கத்துக்கு மூணு, உக்காந்திருக்கவங்க தலைக்குச் சித்த மேல, கூட்டத்தைப் பாத்துச் சாய்ச்சு வைங்க. பேஸைக் குறைங்க. பேரு தெளிவாக் கேக்க அது வேண்டியதில்ல. ஆள் நிறைஞ்சா எதிரொலி பாதியாக் குறையும். அதனால காலி மண்டபத்துல சோதிச்சுட்டுப் பயந்துடாதீங்க.

மைதானம்னா எதிரொலி கிடையாது. காத்துதான் பிரச்சினை, மைக்குக்கு நுரை உறை போட்டே ஆகணும். எங்கயா இருந்தாலும் பாக்ஸ் மைக்குக்கு முன்னாடி இருக்கணும், பின்னாடி இருந்தா ஊளையிடும். பேர் வாசிக்கிறவருக்கு வயர் மைக், ஸ்டாண்டோட. கார்ட்லெஸ் வேண்டாம், 25 நிமிசம் வாசிக்கையில நடுவுல பேட்டரி இறங்குனா அப்ப வந்த பிள்ளையோட பேரு போச்சு. பேசுறவங்களுக்கு வேணா கார்ட்லெஸ், புது பேட்டரியோட.

கரண்டு போறதுக்கு ஜெனரேட்டர் இருந்தாலும் அது எடுக்க அரை நிமிசம் ஆகும். ஆம்ப்ளிஃபயரையும் வாசிப்பு மைக்கையும் மட்டும் ஒரு யுபிஎஸ்ல போடுங்க. லைட் போனாலும் பேரு நிக்காது. ஜனவரியில ஆறு மணி வாக்குல பொழுது சாயும், வெளியில வச்சா அஞ்சே முக்காலுக்கே மேடை விளக்கு எரியணும். முன்னாடி ரெண்டு பக்கமும் சாய்வா அடிங்க, நேரா முகத்துல அடிச்சா படியிறங்குற பிள்ளைக்குக் கண்ணு கூசும். போலீஸ்ல மைக் அனுமதி எழுதி வாங்கிடுங்க, கூம்பு ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம்.

சிங்கப்பூர், துபாய்ல இருக்க அப்பாமாருக்கு நேரலை போடுங்க. நம்ம அஞ்சரை அங்க சிங்கப்பூர்ல எட்டு மணி, துபாய்ல நாலு மணி. போனை ஸ்டாண்டுல வச்சு மேடைக்கு நேரா நிறுத்துங்க. ஆனா போன் மைக்குல சத்தம் எடுக்காதீங்க, கூட்ட இரைச்சல்தான் வரும். மிக்சர்லருந்து ஒரு லைன் இழுத்துப் போனுக்குக் குடுக்கச் சொல்லுங்க. முன்னாடியே சொன்னா அந்த வயரை எடுத்துட்டு வருவாங்க, அன்னிக்குக் கேட்டா இருக்காது.

---

உமையாள் ஆச்சி எழுதியது:

சாப்பாட்டுக்கு யாரும் பதில் சொல்லக் காணோமே. 450 பேருக்குச் சாயங்காலப் பலகாரம்னு எடுத்துக்கிறேன்.

எல்லாரும் முதல்ல வெள்ளைப் பணியாரம்னு ஆசைப்படுவாக. வேண்டாம்னுதான் சொல்லுவேன். அது வடச்சட்டியில ஒவ்வொண்ணா ஊத்தி எடுக்கிற பலகாரம், ஒண்ணுக்கு ஒரு நிமிசமாவது ஆகும். ஆளுக்கு ரெண்டுன்னா 900. அஞ்சு அடுப்பு வச்சாலும் மூணு மணி நேரம். சூடா தின்னாத்தான் அது பணியாரம். முன்னக்கூட்டிச் சுட்டு அடுக்கினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி எண்ணெயா நிக்கும். அரிசி மேல கோபுரமா உளுந்து வச்சு அளக்கிற அளவு வீட்டுக்குச் சரி. பெரிய அண்டாவுல ஆட்டி மணிக்கணக்கா வச்சா மாவு பொங்கி, பணியாரம் எண்ணெய் குடிக்கும்.

மூணு அயிட்டம் போதும். ஒண்ணு கவுனி அரிசி, கருப்பரிசியில செய்யுற இனிப்பு. 8 கிலோ எடுத்து முத நாள் ராத்திரியே ஊறப் போட்டுடணும். காலையில ஊறப்போட்டா எவ்வளவு வேகவச்சாலும் நறுக்கு நறுக்குன்னுதான் இருக்கும். கிலோவுக்கு முக்காக் கிலோ சர்க்கரை. அரிசி குழைய வெந்த பிறகுதான் சர்க்கரை போடணும், முந்திப் போட்டா அரிசி வெறைச்சுக்கிடும். நெய்யும் ஏலக்காயும் கடைசியில. தேங்காப்பூ பரிமாறுறதுக்கு அரை மணிக்கு முன்னாடி சேத்தாப் போதும், மதியமே கலந்து மூடி வச்சா சாயங்காலம் வாடை வந்துரும். சின்னக் கரண்டியா ஆளுக்கு ஒண்ணு வச்சா 450 பேருக்குக் காணும், சித்த மிஞ்சும்.

ரெண்டாவது மாவுருண்டை. ரெண்டு நாளைக்கு முன்னாடியே பிடிச்சு வச்சுக்கிடலாம். பாசிப்பருப்பு 6 கிலோ, சர்க்கரை 6 கிலோ, நெய் மூணு கிலோ வரைக்கும் இழுக்கும். பருப்பைச் செவக்க வறுத்து ஆறவிட்டு மில்லுல நைசாத் திரிச்சுக்கங்க. சூட்டோட திரிச்சா மாவு வேர்த்துக் கட்டி தட்டும். நெய் கொதிக்கக் கொதிக்க, மாவைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துத்தான் பிடிக்கணும். மொத்தமா ஊத்திட்டு உக்காந்தா ஆறிப்போயி உருண்டை நிக்காம உதிரும். எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னதாப் பிடிச்சா ஆளுக்கு ஒண்ணு வரும்.

மூணாவது தேன்குழல், காரத்துக்கு. பச்சரிசி நாலு பங்கு, வறுத்த உளுந்து ஒரு பங்கு. 10 கிலோ மாவு. இதையும் ரெண்டு நாள் முன்னாடியே சுட்டு டின்னுல அடைச்சுடலாம். ஆறாம மூடுனா நமத்துப் போகும்.

கூடவே சுக்குமல்லிக் காப்பியோ பாலோ. 20 லிட்டர் தண்ணிக் கேன் 25 சொல்லிடுங்க. பிளாஸ்டிக் டம்ளர், தட்டு 2019-லயே தடை. பாக்குமட்டைத் தட்டும் எவர்சில்வர் டம்ளரும் வச்சுக்கங்க, டம்ளர் கழுவ ரெண்டு ஆளு தனியா வேணும். பந்தி நாலு இடத்துல பிரிச்சு வைங்க. ஒரே இடத்துல வச்சா கடைசி ஆளு தட்டு வாங்க முக்கா மணி நேரம் ஆயிரும். பிள்ளைகளுக்கு முதல்ல குடுங்க. அதுகதான் மதியத்துலருந்து நிக்கிறது.

---

கண்டனூர் பெற்றோர் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஆச்சி, கவுனி அரிசி முடிவாகிவிட்டது. இடம் பள்ளி மைதானம். மழை வந்தால் பக்கத்துத் திருமண மண்டபம்.

மூன்று சந்தேகம் மிச்சம். 126 பேரும் ஒரே குரூப் போட்டோ எடுக்கலாமா? ஒரு மாணவி சக்கர நாற்காலியில் வருகிறாள், மேடை மூன்றடி உயரம். மூன்றாவது, அன்று வர முடியாத பிள்ளைக்கு என்ன செய்வது?

---

மேடைப்பொறுப்பு எழுதியது:

போட்டோ: 126 பேரை ஐந்து வரிசையில் நிறுத்தினாலும் வரிசைக்கு 25 பேர், ஆளுக்கு அரை மீட்டர் வைத்தால் பன்னிரண்டரை மீட்டர் அகலம். முகங்கள் மிளகு அளவுக்குப் போய்விடும். பிரிவுவாரியாக எடுங்கள். 42 பேர், 14 பேராக மூன்று வரிசை, 7 மீட்டர்தான். முன் வரிசை நாற்காலி, நடுவில் நிற்பது, பின்னால் பெஞ்சு மேல். பெஞ்சு ஆடாதா என்று முதலில் ஆசிரியர் ஒருவர் ஏறிப் பார்க்கட்டும். ஆசிரியர்கள் நாற்காலி வரிசையின் நடுவில் உட்கார்ந்தால் பிள்ளைகள் ஓரத்துக்குப் போவார்கள். அதனால் இரண்டு முனையிலும் உட்காரட்டும். 4.15-க்கு எடுக்கத் தொடங்குங்கள். சூரியன் மேற்கே இருக்கும். புகைப்படக்காரருக்குப் பின்னால் வெயில் இருந்தால் பிள்ளைகள் கண்ணைச் சுருக்குவார்கள். கட்டடத்தின் கிழக்குப் பக்க நிழலில் நிறுத்துங்கள்.

மேடையில் இரண்டு புகைப்படக்காரர் வேண்டும். ஒருவர் உறை கொடுக்கும் இடத்துக்கு நேராக, அசையாமல். தரையில் சுண்ணாம்பால் ஒரு கட்டம் போட்டு, பிள்ளை அதில் நின்று வாங்கட்டும். இன்னொருவர் இறங்கும் இடத்தருகே. அங்கேதான் பிள்ளைகள் தானாகச் சிரிக்கும்.

அந்த மாணவிக்காக: 1-க்கு 12 என்பது சாய்தளத்தின் பாதுகாப்பான சரிவு. மூன்றடி, அதாவது 90 செ.மீ. மேடைக்கு 10.8 மீட்டர் சாய்தளம் வேண்டும். பந்தல்காரர் போடும் பலகைச் சரிவு அதில் பாதிகூட இருக்காது, வண்டி சரியும். அவளை மட்டும் கீழே நிறுத்தி விருந்தினர் இறங்கி வந்து கொடுப்பதும் சரியில்லை. ஒரே வழி, எல்லாருக்குமே மூன்றடி மேடையை விட்டுவிடுவது. 15 செ.மீ. உயரத்தில் 6 மீட்டருக்கு 4 மீட்டர் அளவில் தாழ்ந்த தளம் போடுங்கள். அதற்கு 1.8 மீட்டர் சரிவு போதும். ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் படி வேண்டாம், இரண்டும் சரிவாகவே இருக்கட்டும். அகலம் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. 126 பேரும் அதே வழியில் போவார்கள். பின் வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்றால், நாற்காலி வரிசைகளை நேராகப் போடாமல் நடுவில் இரண்டு மீட்டர் வழி விட்டு, இரு பக்கமும் லேசாக வளைத்துப் போடுங்கள்.

வராத பிள்ளைக்கு: காய்ச்சலாக இருக்கலாம், வீட்டில் துக்கமாக இருக்கலாம். துக்க வீட்டிலிருந்து பிள்ளையை அனுப்ப மாட்டார்கள், வற்புறுத்த வேண்டாம். தோள் பட்டை, உறை, பெயர்த்தாள், மாவுருண்டைப் பொட்டலம் எல்லாவற்றையும் பெயர் எழுதித் தனியாக எடுத்து வையுங்கள். ஹால் டிக்கெட் கொடுக்கும் நாளில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வருவார்கள். அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அதே ஆசிரியர் பெயர் வாசிக்க, தலைமை ஆசிரியர் கொடுக்கட்டும். தபாலில் அனுப்ப வேண்டாம், 300 ஜிஎஸ்எம் தாள் மடிந்தால் மடிப்பு போகாது. மாவுருண்டை மட்டும் அதுவரை தாங்காது, அதை மறுநாளே யார் கையிலாவது வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுங்கள்.